இதழ் அட்டைப் பகுப்பாய்வு

ஒரு பத்திரிகையின் முகப்பில் உள்ள படம், எழுத்து, வண்ணம், இட அமைப்பு ஆகியவை சேர்ந்து எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராய்வது இதழ் அட்டைப் பகுப்பாய்வு. தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் ‘ராப்பர்’ என்று வழங்கும் இந்த ஒற்றைப் பக்கம், செய்தியாகவும் இதழை விற்கும் விளம்பரமாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஊடகவியல் வகுப்புகளில் இதற்குத் தனி இடம் கிடைத்தது அதனால்தான். இங்கிலாந்துப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இது ‘ஊடகமொழி’ என்ற பிரிவில் வருகிறது.

இம்முறையின் அடிப்படைக் கருவிகள், குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலிலிருந்து வந்தவை. சுவிட்சர்லாந்து மொழியியலாளர் ஃபெர்டினாண்ட் டி சசூரின் விரிவுரைகள் அவர் மறைந்தபின், 1916இல் நூலாயின. குறிப்பான் (குறியின் வடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து) என்ற பிரிவினை அதிலிருந்து வந்தது. அமெரிக்கரான சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளை மூன்றாக வகுத்தார்: பொருளைப் போலவே தோன்றுவது, பொருளின் தடமாக இருப்பது, வழக்கத்தால் மட்டும் பொருள்படுவது. அட்டையில் உள்ள புகைப்படம் முதல் இரண்டு வகையிலும் சேரும். இதழின் பெயரும் எழுத்துருவும் மூன்றாவது வகை.

சிவப்பு என்றால் ஆபத்து, வெள்ளை என்றால் தூய்மை என்று பட்டியல் போடுவதைப் பகுப்பாய்வு என்று சொல்ல முடியாது. ஒரு குறிக்குப் பொருள் வருவது, அந்த இடத்தில் வந்திருக்கக்கூடிய மற்ற குறிகளோடு அதற்குள்ள வேறுபாட்டால். எனவே ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அமெரிக்காவின் ‘டைம்’ இதழுக்கு 1927 முதல் சிவப்புக் கரை உண்டு. வாராவாரம் அதைப் பார்க்கும் வாசகர் அதைக் கவனிப்பதில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலை ஒட்டி வந்த சிறப்பிதழில் கரை கறுப்பானபோது அது துக்கம் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கறுப்புக்கு அந்த வலிமையைக் கொடுத்தது அதற்கு முந்தைய எழுபத்து சொச்சம் ஆண்டுச் சிவப்பு.

அட்டை ஒன்றை முன்வைத்துக் கோட்பாட்டையே எழுப்பியவர் பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த். 1955இல் வந்த ‘பாரி மாட்ச்’ இதழின் அட்டையில், பிரெஞ்சு ராணுவச் சீருடையில் ஒரு கறுப்பினச் சிறுவன் கண்களை உயர்த்தி சல்யூட் அடிக்கிறான். நேர்ப்பொருள் அவ்வளவுதான். ஆனால் நிறபேதம் பார்க்காத பேரரசு பிரான்ஸ், அதன் பிள்ளைகள் எல்லோரும் அதன் கொடிக்கு விசுவாசமானவர்கள் என்ற இரண்டாவது பொருள் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத காலம் அது. வரலாற்றில் உருவான ஒன்றை இயற்கையானதாகக் காட்டும் இந்த வேலைக்கு, 1957இல் வந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் பார்த் ‘தொன்மம்’ என்று பெயரிட்டார்.

மாற்றிப் பார்க்கும் சோதனையை வரலாறே செய்து கொடுத்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கொலைக் குற்றச்சாட்டில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் எடுத்த படம், 1994 ஜூன் 27 தேதியிட்ட ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டின் அட்டையிலும் வந்தது. ‘நியூஸ்வீக்’ படத்தை உள்ளபடி வெளியிட்டது. ‘டைம்’ அட்டைக்காக மாட் மஹூரின் என்ற ஓவியர் முகத்தை இருட்டாக்கி, ஓரங்களை நிழலில் கரைத்து, கைதி எண்ணைச் சிறிதாக்கியிருந்தார். இரண்டும் கடையில் அருகருகே தொங்கியதும் எதிர்ப்பு கிளம்பியது: கறுப்பினத்தவரின் தோலை மேலும் கறுப்பாக்கி, விசாரணைக்கு முன்பே குற்றவாளியாக்கிவிட்டார்கள் என்று. இனவாத நோக்கம் இல்லை என்று ஆசிரியர் தரப்பு விளக்கம் எழுதியது. நோக்கம் என்னவாக இருந்தாலும், போலீஸ் படம் என்பதால் அதற்கிருந்த ‘தடம்’ என்ற தகுதியை ஓவியம் கடன் வாங்கிக்கொண்டது என்பதே குறியியல் சொல்லும் குறை. தலைப்புகளைப் பார்த்தால் சிக்கல் கூடுகிறது. ‘டைம்’ இதை அமெரிக்காவின் துயரமாகச் சொன்னது; படத்தைத் தொடாத ‘நியூஸ்வீக்’கின் தலைப்பில்தான் ரத்தம் இருந்தது. இந்தப் பாதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

பல பொருளுக்கு இடமுள்ள படத்தை ஒரு பொருளில் நிறுத்தும் எழுத்தின் வேலையைப் பார்த் ‘நங்கூரம்’ என்றார். 1985 ஜூன் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ அட்டையில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் பச்சைக் கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. அதைக் கோபம் என்றும் படிக்கலாம், கூச்சம் என்றும் படிக்கலாம். அகதியின் அச்சம் என்று முடிவு செய்தது அட்டை வரி. அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்று உலகுக்குத் தெரிய 2002 ஆகவேண்டியிருந்தது.

தமிழில் நங்கூரத்துக்குச் சிறைத்தண்டனையே கிடைத்திருக்கிறது. 1987 மார்ச்சில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடன்போல் இருப்பவர் முன்னவர், முகமூடிக் கொள்ளைக்காரன்போல் இருப்பவர் பின்னவர் என்று பதில் வருகிறது. சினத்தைக் கிளப்பியது அந்தப் பேச்சுதான். தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களில் விடுதலையானார். கைது செல்லாது என்று பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, 1000 ரூபாய் இழப்பீடும் அளித்தது.

ஒரே அட்டையைச் சட்டமன்றமும் வாசகரும் படித்ததுபோல், ஒரே செய்தியை வேறுவேறாகப் படிப்பதைப் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் விளக்கினார்: அனுப்பியவர் விரும்பியபடி ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி மறுப்பது, முழுக்க எதிர்த்துப் படிப்பது. இட அமைப்பைப் பொறுத்தவரை, இடப்பக்கம் தெரிந்தது, வலப்பக்கம் புதியது என்ற, ஆய்வாளர்கள் கிரெஸ், வான் லீவன் இருவரின் விதி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அது இடமிருந்து வலமாக எழுதும் மொழிகளைக் கொண்டு அமைந்தது. அரபு, உருது இதழ்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

எந்த அட்டை ஏன் விற்றது என்பதற்குக் குறியியல் விடை தராது. ஆராய்வதற்குப் பழைய அட்டைகள் கிடைப்பதும் எளிதல்ல. நூலகங்கள் இதழ்களை பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றிவிடுவது பல காலம் வழக்கமாக இருந்தது. தமிழ் வீடுகளில் ‘கல்கி’ தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்தவர்களும் உள்ளே இருந்த ஓவியங்களைத்தான் காப்பாற்றினார்கள். ராப்பர் பழைய பேப்பர்காரரிடம் போனது.