குமிழ் இடம் மாறிய கதை

ஆலங்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு அடுப்படியில் விறகடுப்பு ஒன்று பல வருஷமாகச் சும்மா கிடந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அதைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். பானை உட்காரும் மூன்று குமிழில் ஒன்று உதிர்ந்திருந்தது. பக்கத்துக் கொடியடுப்புக்குத் தீ போகிற துவாரம் சாம்பலில் தூர்ந்திருந்தது. வாயோரம் விரல் நுழைகிற விரிசல்.

கண்மாய்க் கரம்பை மண்ணை உமி கலந்து முதல் நாளே ஊறப்போட்டிருந்தார்கள். நான் எடுத்து அப்பப் போனேன். "பழைய மண்ணு தண்ணி குடிக்காம புது மண்ணு ஒட்டாது அப்பு" என்று அப்பத்தா தடுத்தாள். காய்ந்த மண் புது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும்; பூச்சு பொருக்காக உதிரும். உமி எதற்கு? மண் காயும்போது சுருங்கி வெடிக்காமல் இழுத்துப் பிடிக்க.

'அடுப்பு' என்ற சொல்லில் மண்ணும் இல்லை, நெருப்பும் இல்லை. அடு என்றால் சமை. அதோடு 'பு' சேர்ந்தது அடுப்பு. சமைக்கிற இல் அட்டில். மலையாளத்திலும் அடுப்புதான், கன்னடத்தில் சமையலே 'அடிகெ'. தமிழில் அடு என்ற வினை பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது. யாரும் சோறு அடுவதில்லை. ஆனால் பேக்கரிக்குத் தமிழ்ப் பெயர் தேடியவர்கள் அந்த வினையைத் தூசு தட்டி 'அடுமனை' என்று பலகையில் ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பிடித்த மறுபிறப்பு அது.

புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் தன் வறுமையைச் சொல்லும்போது, சமையலையே மறந்த அடுப்பில் காளான் பூத்ததைக் காட்டுகிறார். அந்த அடுப்பின் உயர்ந்த பக்கத்துக்கு அவர் தரும் சொல் 'கோடு'. எங்கள் அடுப்பில் பூத்தது கறையான் புற்று. காரணம் வறுமை இல்லை, கேஸ் சிலிண்டர்.

உலை என்ற சொல்லும் அடுப்படியோடு நிற்கவில்லை. சோற்றுக்குக் கொதிக்கிற நீரும் உலை, கொல்லன் இரும்பு காய்ச்சுவதும் உலை. எங்கள் பக்கமே, புதுக்கோட்டையை ஒட்டிய பொற்பனைக்கோட்டைப் பகுதியில் பழங்காலத்தில் இரும்பு உருக்கிய தடயங்கள் உண்டு.

பெயர் மண்ணை விட்டுச் சமைக்கிற செயலைப் பிடித்துத் தொங்கியதால் 'அடுப்பு' பிழைத்தது. உமி, கரி, மண்ணெண்ணெய், கேஸ், கரண்டு என எது வந்தாலும் அடுப்புதான். ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1950களில் புகைபோக்கி வைத்து வடிவமைத்த அடுப்பும், 1983இல் மத்திய அரசு ஊர் ஊராகப் பரப்பத் தொடங்கிய அடுப்பும் நம் ஊரில் 'புகையில்லா அடுப்பு' ஆயின. (புகைபோக்கியில் கரி அடைத்தால் அதுவும் புகைகிற அடுப்புதான்.)

மண்ணைப் பிடித்திருந்த சொற்கள்தாம் பாவம். பக்கவாட்டில் கொடிபோல ஓடியதால் பேர் வாங்கியதோ என்று நான் நினைக்கும் கொடியடுப்பை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குமிழ் மட்டும் தந்திரமாகத் தப்பித்தது. மண்ணடுப்பில் அது பானையைத் தூக்கிப் பிடித்து, தீ நாக்கு வெளியேற இடைவெளி விடும். தேய்ந்தால் பானை விளிம்பில் உட்கார்ந்து தீ மூச்சுத் திணறும், புகை கண்ணுக்கு வரும். இன்று அதே சொல் கேஸ் அடுப்பின் முகப்பில் திருகுகிற பிடிக்குப் பெயர்.

நான் வைத்த புதுக் குமிழ் மற்ற இரண்டையும்விட அரை விரல் உயரம். வெறும் பானையை வைத்துப் பார்த்தோம், ஒருபக்கம் சாய்ந்தது. அப்பத்தா கொட்டாங்கச்சியை எடுத்து, ஈரம் காய்வதற்குள் சுரண்ட ஆரம்பித்தாள்.