பென்சிற்கரி வந்த வழி

கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடிக் கிடக்கிறது பென்சிற்கரி. காரீயம் என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சாமான்தான். மற்ற நாடுகளில் பெரும்பாலும் பாறையோடு கலந்த செதில்களாகவே கிடைக்கும். இப்படித் தனி நரம்பாக, கட்டி கட்டியாக, வணிக அளவில் வெட்டி எடுக்கிற நாடு இன்று இலங்கை ஒன்றுதான். நல்ல கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை கரிமம் இருக்கும். கஹட்டகஹச் சுரங்கம் 600 மீற்றருக்கும் மேல் ஆழம் போகிறது.

ஒரு துண்டை விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வழுக்கும். உள்ளே கரிம அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தட்டுக்குள் பிடிப்பு உறுதியானது, தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் பிடிப்பு மெத்தத் தளர்வு. தாளில் அழுத்தும்போது மேல்தட்டுகள் கழன்று தாளின் நாரில் தங்கிவிடும். நாம் கோடு என்று சொல்வது அதைத்தான். அழிறப்பரால் தேய்த்தால் போய்விடும். இரண்டாவது தடவை யோசிக்க இடம் கொடுக்கிற கறுப்பு இது.

இந்தக் கறுப்பு நம் மட்டக்களப்புக்கு நேராக வந்து சேரவில்லை. அமெரிக்காவின் சேலம் துறைமுகத்துக்கு (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) இலங்கையிலிருந்து திரும்பிய கப்பல்கள், ஆட்டம் காணாமலிருக்க அடித்தட்டில் இதைப் பாரமாகப் போட்டுக்கொண்டு போய், கரையில் கொட்டினவாம். அந்த ஊரில் 1827இல் தொழில் தொடங்கிய ஜோசப் டிக்சன் அடுப்புப் பூச்சு, பென்சில், உலோகம் உருக்கும் மூசை என மூன்றுக்கும் இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பே, 1795இல், இங்கிலாந்தின் பென்சிற்கரி போரினால் கிடைக்காமல் போனபோது, பிரான்சில் நிக்கொலா-ழாக் கொன்ரே கரித்தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டு எழுதுகோல் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றிருந்தார். களிமண் கூடினால் கடினம், கரி கூடினால் மென்மை. சித்திர ரீச்சர் 'ரூ பீ கொண்டு வா' என்று சொல்வதெல்லாம் அந்தக் கலவைக் கணக்குத்தான்.

ஆனால் இலங்கைக் கரிக்குப் பெருத்த காசைக் கொண்டுவந்தது பென்சில் அல்ல, மூசை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 தொன்னைத் தாண்டியது. உருக்கும் பித்தளையும் உருகியாக வேண்டும், துவக்குக்கும் தோட்டாவுக்கும். முகம் வரையப் பயன்பட்டது அதில் ஒரு சிறு பங்குதான்.

அந்தச் செல்வத்தில் எழுந்த குடும்பங்களுள் ஒன்று சேனநாயக்க குடும்பம். நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், 1949இல், கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அப்போது அது மட்டக்களப்பு மாவட்டத்து நிலம். அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல். அணை கட்டியதில், காடு திருத்தியதில், அந்தப் பக்கத்து வேடர்களும் தம் காட்டை இழந்தார்கள்.

அந்த வேடர்களைப் பற்றி 1911இல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் எழுதிய நூலில், நம் விஷயத்துக்கு நேரே வந்து நிற்கிற செய்தி ஒன்று உண்டு. கற்குகைச் சுவர்களில் மனிதரும் மிருகங்களும் கோட்டுருவங்களாக வரையப்பட்டிருந்தன. வரைந்தவர்கள் பெண்கள். சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் தீட்டினார்கள். எப்போது? வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை காத்திருந்த நேரத்தில். பொழுதுபோக்கு என்று அவர்கள் சொன்னதாகவே பதிவாகியிருக்கிறது. நான் அதை அவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காத்திருக்கிறவளுக்குப் பொழுது வேறு எதில் போகும்?

ரோமானிய அறிஞர் பிளினியும் இதே மாதிரி ஒன்றைச் சொல்கிறார். கொரிந்து நகரத்துக் குயவர் ஒருவரின் மகள், தூரதேசம் போகவிருந்த காதலனின் முக நிழலை விளக்கு வெளிச்சத்தில் சுவரில் கோடிழுத்து வைத்தாள். தகப்பன் அந்தக் கோட்டுக்குள் களிமண்ணை அப்பிச் சூளையில் சுட்டான். கதை நடந்ததோ இல்லையோ, கொரிந்துக்காரிக்கும் நம் காட்டுப் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இருவருக்கும் ஆள் பக்கத்தில் இல்லாத கவலை மட்டும் ஒன்று. மனித உருவத்தை வரைய மனிதருக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டால் அழகு, உடற்கூறு, பயிற்சி என்று பல பதில்கள் வரும். எனக்கு இந்தக் காத்திருப்பைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

1959இல் தொடங்கிய இலங்கைப் பென்சில் கம்பனியின் அட்லஸ் பென்சில்கள் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் பைகளிலும் ஏறின. அதற்கு முன்பும் பின்பும் சிரட்டைக்கரியால் வேலிச் சுவரில் ஆள் கீறாத பிள்ளை இங்கே கிடையாது. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகத்தோடு கட்புலக் கலையும் அங்கே பாடம். யாழ்ப்பாணத்தில் அ. மாற்குவிடம் ஓவியம் பழகிய வாசுகி மட்டக்களப்பில் இருந்துகொண்டு பெண் உருவங்களை வரைகிறார். போர் தின்ற வாழ்வை சு. நிர்மலவாசன் வரைகிறார். இருவரிடமும் ஆள்தான் விஷயம்.

வேறெப்படி இருக்கும்? 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் கூட்டிப்போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. 2004 மார்கழியில் கடல் கல்லடியையும் நாவலடியையும் அள்ளியபோது, ஆட்களோடு அலுமாரிகளும் போயின, அலுமாரிக்குள் இருந்த அல்பங்களும் போயின. காணாமல் போனவர்களின் தாய்மார் காந்திப் பூங்காவில் கூடும்போது கையில் பிடித்திருப்பது புகைப்படம். அது தப்பிய வீடு பாக்கியம் செய்த வீடு.

அந்தப் புகைப்படத்தில் ஒரு குறை உண்டு. இருபது வயதில் கூட்டிப்போன பிள்ளைக்கு இன்று ஐம்பதைத் தாண்டியிருக்கும். படத்தில் அவன் இருபதிலேயே நிற்கிறான், தாய்க்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது. கமராவால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பென்சிலால் முடியும். முகம் வரையப் பழகியவர்களுக்கு வழி தெரியும்: முதலில் மண்டையோட்டைப் போடு, வளர்ந்தவனின் மண்டை வயதோடு அதிகம் மாறாது. கண்குழி, கன்னத்தெலும்பு, தாடை மூன்றையும் படத்தைப் பார்த்து அளந்து வை. மயிர்க்கோட்டைப் பின்னுக்குத் தள்ளு. கண்ணுக்குக் கீழே தோலைக் கொஞ்சம் தளர்த்து. தகப்பனின் படம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள், வழுக்கை எங்கே விழும் என்று அது சொல்லும். பிறகு தாயிடம் கொடு. மூக்கு இப்படியில்லை என்பாள். அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும்.