நுண்துளை ஒலியுறிஞ்சி

நுண்துளை ஒலியுறிஞ்சி என்பது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள துளைகள் இட்ட மெல்லிய தகடும், அதன் பின்னே அடைபட்ட காற்றிடைவெளியும் சேர்ந்த ஒலியடக்கும் அமைப்பு. கண்ணாடிப் பஞ்சு போன்ற இழைப்பொருள்களைப் பயன்படுத்த இயலாத இடங்களில் இரைச்சலைக் குறைக்க உதவுகிறது.

பின்னணி

இழைப்பொருள் ஒலியை நன்கு உறிஞ்ச வேண்டுமானால், அதன் தடிமன் அலைநீளத்தின் கால் பங்கை நெருங்க வேண்டும். காற்றில் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், கால் பங்கு என்றால் 85 செ.மீ. அவ்வளவு தடித்த அடுக்குக்குக் கட்டடத்திலோ இயந்திரத்திலோ இடம் கிடைப்பது அரிது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ஒத்ததிர்வுக் குடுவை இதற்கு மாற்றுவழி காட்டியது. குடுவையின் கழுத்திலுள்ள காற்று எடைக்கல்லாகவும், உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும் இயங்குவதால், சிறிய அமைப்பே தாழ்ந்த ஒலிக்கு ஒத்ததிரும்.

தோற்றம்

பெரிய துளைகளுள்ள தகடுகளும் இவ்வாறே ஒத்ததிர்ந்தன. ஆனால் அவற்றில் உராய்வு போதாததால் பின்புறம் துணியோ பஞ்சோ வைக்க வேண்டியிருந்தது. சீன ஒலியியலாளர் மா தாயூ (1915–2012) துளைகளைச் சிறிதாக்கி இக்குறையைத் தீர்த்தார். தகட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே துளையாக இருக்கும். அதன் வழியே முன்னும் பின்னும் அசையும் காற்று துளையின் சுவரில் உராய, ஒலியாற்றல் வெப்பமாகிறது. இதன் கோட்பாட்டையும் வடிவமைப்பு முறையையும் அவர் 1975இல் வெளியிட்டார். தகடு உலோகமாக இருந்தால் வெப்பம், ஈரம், காற்றோட்டம் மூன்றையும் தாங்கும்.

பான் நாடாளுமன்றம்

1992இல் ஜெர்மனியின் பான் நகரில் திறக்கப்பட்ட நாடாளுமன்ற அவையின் வட்டமான கண்ணாடிச் சுவர்கள் ஒலியைக் குவித்தன. ஒலிபெருக்கிகள் முறையாக இயங்காததால், உறுப்பினர்கள் பழைய நீரேற்று நிலையத்திலிருந்த தற்காலிக அவைக்கே திரும்பினர். ஃபிரவுன்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிறுவனத்தார், அரை மில்லிமீட்டர் அளவில் துளையிட்ட ஒளிபுகும் அக்ரிலிக் தகடுகளைக் கண்ணாடியின் முன் பொருத்தினர். பார்வை மறையாமல் எதிரொலி அடங்கியது; 1993இல் அவை மீண்டும் அங்கே கூடியது.

உரத்த ஒலியில்

ஒலி மிகும்போது துளையிலிருந்து காற்று தாரையாகப் பீறிட்டுச் சுழல்களை உண்டாக்குகிறது. ஒலியியலாளர் உனோ இங்கார்டு முதலியோர் 1950இல் இதை ஆய்ந்து காட்டினர். காற்றின் வேகத்தோடு தடையும் உயர்வதால், மெல்லிய ஒலிக்குக் கணக்கிட்ட தகடு பேரிரைச்சலில் வேறு விதமாகச் செயல்படும். ஜெட் எஞ்சின் உறைக்குள் தேன்கூட்டு அறைகள்மேல் பொருத்தப்படும் துளைத்தகடுகளை வடிவமைப்போர் இதையும் கணக்கில் கொள்கின்றனர்.

அண்மை வளர்ச்சி

ஹாங்காங்கில் இயற்பியலாளர் பிங் ஷெங்கின் குழுவினர் இரும்புத் துண்டுகள் ஒட்டிய மெல்லிய ரப்பர் சவ்வைக்கொண்டு தாழ்ந்த ஒலியை உறிஞ்ச முடியும் என 2012இல் காட்டினர். பின்பக்கக் காற்றறையைச் சுருட்டி மடித்து, சுமார் 125 ஹெர்ட்ஸ் ஒலியை 12 மி.மீ. தடிமனில் அடக்கும் வடிவமைப்பு 2016இல் வெளியானது. ஆயினும் அது குறுகிய அதிர்வெண் பட்டைக்கே பொருந்தும். உறிஞ்சவேண்டிய பட்டை எதுவோ, அதற்கேற்ற குறைந்தபட்சத் தடிமனை இயற்பியல் விதியே வரையறுக்கிறது என 2017இல் ஷெங் குழு நிறுவியது. பரந்த பட்டையில் தாழ்ந்த இரைச்சலை அடக்க விரும்புவோர் அந்தத் தடிமனை ஒதுக்கியே ஆக வேண்டும்.