கம்பி ஆலையிலிருந்து வந்த தாடை வைத்தியர்

"பல்லுக்குப் படிச்சவங்க தாடையில கத்தி வைக்கலாமா சார்?" விபத்தில் அடிபட்டவரின் சொந்தக்காரர் யாராவது எங்கள் வார்டில் இதைக் கேட்காமல் விடமாட்டார். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் இதே சந்தேகம்தான். 1914-ல் பிரான்ஸுக்குப் போன படையோடு ஒரு பல் மருத்துவர்கூடப் போகவில்லை. பதுங்குகுழியிலிருந்து தலையை நீட்டியவர்களுக்கோ முகத்தில்தான் குண்டு. பல் மருத்துவர் வலாடியே விமெரூ ஊரில் தாடைக் காயங்களுக்கு வார்டு தொடங்கியபோதும், மேற்பார்வைக்கு ஒரு டாக்டரை அனுப்பினார்கள். வந்தவர் ஹரால்ட் கில்லீஸ். கண்காணிக்க வந்தவர் அங்கேயே தொழிலுக்குள் இறங்கிவிட்டார். இன்று பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே அவர் பெயர்தான். வலாடியேயை என் மாணவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தவர் வராஸ்டாட் கஸாஞ்சியன். துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். 1895-ல் அமெரிக்கா போய், வூஸ்டர் நகரத்துக் கம்பி ஆலையில் கூலிவேலை பார்த்தவர். 1905-ல் ஹார்வர்டில் பல் மருத்துவம் முடித்து, பத்து வருஷம் கழித்து ஹார்வர்டு மருத்துவக் குழுவோடு போர்முனைக்குப் போனார். கம்பியின் குணம் அவர் விரல்களுக்கு ஆலையிலேயே பழகியிருக்கும் என்பது என் ஊகம்.

உடைந்த தாடையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை எலும்பு சொல்லாது, பல்தான் சொல்லும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி கடிக்கும் இடமே கணக்கு. பல்லின் கழுத்தைச் சுற்றிக் கம்பியை ஓட்டி, முறுக்கி, மேலும் கீழும் சேர்த்துக் கட்டுவோம். ஒரு முறுக்கு கூடினால் பட்டென்று அறும். குறைந்தால் தாடை ஆடும். முனையை மடக்கிவிடாவிட்டால் உதட்டைக் கிழிக்கும். டைட்டானியம் பிளேட் வந்த பிறகும், பிளேட் வைக்குமுன் கடிமானத்தைக் கட்டித்தான் நிறுத்துகிறோம்.

போர்முனையில் தாடைக் காயங்களைச் சரிசெய்து பேர் வாங்கிய கஸாஞ்சியன், போர் முடிந்ததும் நாற்பது வயதுக்கு மேல் மருத்துவக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து, 1921-ல் எம்.டி. வாங்கினார்.

பல்லுக்குப் படித்தவர் தாடையில் கத்தி வைக்கலாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிரிட்டனில் பல் மருத்துவம், பொது மருத்துவம் இரண்டு பட்டமும் வேண்டும். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்குப் பின் நாலு வருஷப் பயிற்சி, எம்.டி.யும் சேர்ந்தால் ஆறு. நமக்கு பி.டி.எஸ். ஐந்து வருஷம், நுழைவுத் தேர்வு, எம்.டி.எஸ். மூன்று வருஷம். போதும் என்பேன், அதில் பாதியாவது விபத்து வார்டில் கழிந்தால். ஞானப்பல் மட்டும் பிடுங்கிப் பட்டம் வாங்குகிறவர்களும் உண்டு.

வேலை கிடைக்குமா என்று பையன்கள் கேட்கிறார்கள். ஹெல்மெட் போடாமல் விழுந்தவனுக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருகிறவரை நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரிகள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. சம்பளம் பேசும்போது மட்டும் "பல் டாக்டர்தானே" என்பார்கள்.