‘பிள்ளை நடப்பானா?’ என்ற கேள்வியின் வரலாறு

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் பெற்றோர் மருத்துவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ‘பிள்ளை நடப்பானா?’ இக்குழந்தைகளுக்கான சிகிச்சை மாறிவந்த வரலாறு, இந்தக் கேள்வி மெல்ல மெல்ல வேறொரு கேள்வியாக மாறிய வரலாறேயாகும்.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு நேரும் சேதமே மூளை முடக்குவாதம். அந்தச் சேதம் பெருகுவதில்லை. ஆனால் குழந்தை வளர வளர அதன் விளைவுகள் மாறுகின்றன. தசைகள் இறுகுகின்றன, கவனிக்காது விட்டால் மூட்டுகள் மடங்கியபடியே நிலைத்துவிடுகின்றன. ஆகவே இதற்கான சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியமன்று.

இந்நிலையை முதன்முதலில் விரிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். சிறுவயதில் வந்த நோயால் அவருடைய பாதமே கோணலாகியிருந்தது. 1836இல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தசைநாணை வெட்டிச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையை ஏற்றுக் குணமடைந்த அவர், அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கடினமான பிரசவமும் மூச்சுத்திணறலுமே குழந்தைகளின் உடல் இறுக்கத்துக்குக் காரணம் என்று 1861இல் வாதிட்டார். பின்னாளில் உளப்பகுப்பாய்வால் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட் 1897இல் இதை மறுத்தார். பிரசவம் கடினமானதே, கருவில் முன்னரே நேர்ந்த கோளாற்றின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவர் வாதம். பெரும்பாலான குழந்தைகளிடம் பிரசவ மூச்சுத்திணறல் காரணமன்று என்பதை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. பேறுகாலத்தில் தாய் செய்த தவறே காரணம் என்று இன்றும் பழிசுமத்தும் குடும்பங்கள் அறியவேண்டிய செய்தி இது.

கத்தியிலிருந்து கைகளுக்குச் சிகிச்சை நகர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். பெர்லினிலிருந்து இலண்டனுக்கு அகதிகளாக வந்த பெர்த்தா போபாத்தும் மருத்துவரான அவர் கணவர் காரெலும், தசை இறுக்கம் மாறாத ஒன்றன்று, உடலின் நிலைக்கேற்ப அது கூடிக் குறையும் என்று கண்டனர். 1943இல் வாதத்தால் பாதிக்கப்பட்ட ஓர் ஓவியருக்குச் சிகிச்சை அளித்தபோது தொடங்கிய அம்முறை, பின்னர் குழந்தைகளுக்கும் விரிந்து, இந்தியா உட்படப் பல நாடுகளில் பயிற்றுவிக்கப்பட்டது. அதே காலத்தில் புடாபெஸ்டில் ஆந்த்ராஷ் பெத்தோ வேறு வழியில் சென்றார். இயக்கம் என்பது குணப்படுத்தவேண்டிய நோயன்று, கற்பிக்கவேண்டிய பாடம் என்பது அவர் கொள்கை.

இந்தியாவில் இத்துறையை முன்னெடுத்துச் சென்றவர்களுள் தாய்மார்களே முக்கியமானவர்கள். 1966இல் கல்கத்தாவில் பிறந்த மாலினி சிப் இத்தகைய குழந்தை. சிகிச்சையும் கல்வியும் தேடி மகளுடன் இங்கிலாந்து சென்று திரும்பிய தாய் மிது அலூர், 1972இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவை நிறுவினார். இயன்முறை சிகிச்சையும் பள்ளிப் பாடமும் அங்கே ஒரே கூரையின் கீழ் அமைந்தன. இதுவே அதன் புதுமை. 1974இல் கொல்கத்தாவிலும் 1978இல் தில்லியிலும் இதுபோன்ற அமைப்புகள் தோன்றின. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பே இன்றைய வித்யாசாகர். அவரும் இத்தகைய குழந்தையின் தாய். சக்கர நாற்காலியில் இயங்கும் மாலினி சிப் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தன் வரலாற்றையும் எழுதினார்.

பெற்றோரின் மற்றொரு கேள்வி, ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்பது. அதற்குச் சட்டம் அளித்த விடையே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கும் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க அது வழிசெய்தது. எனினும் சட்டம் மட்டும் சமூகத்தின் பார்வையை மாற்றிவிடவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ் 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவருக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2016இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. இங்கே தடையாக நின்றது அவர் உடலன்று.

‘நடப்பானா?’ என்பதற்கு ஓரளவு நேர்மையான விடை சொல்லும் கருவி 1997இல்தான் கனடாவில் உருவானது. குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாக வகுக்கும் முறை அது. முதல் நிலையில் உள்ள குழந்தை தானே நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்கு எங்கும் செல்லப் பிறர் துணை வேண்டும். சிறுவயதிலேயே அறியப்படும் இந்த நிலை பெரும்பாலும் பின்னர் மாறுவதில்லை.

சிகிச்சை முறைகளும் சோதனைக்கு உள்ளாயின. சிகிச்சையாளர் கையாள, குழந்தை வெறுமனே கிடக்கும் பயிற்சிகளால் பெரும்பயன் இல்லை என்று 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக் குழுவினரின் மதிப்பாய்வு கூறியது. குழந்தை தான் விரும்பும் செயலைத் தானே திரும்பத் திரும்பச் செய்து பழகுவதும், பெற்றோர் வீட்டில் தரும் பயிற்சியும் பயனளிப்பதாக அது கண்டது. கரண்டி பிடிப்பது, சட்டை போடுவது, பந்தை எட்டுவது ஆகியவையே அப்பயிற்சிகள். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத வீட்டிலும் இவற்றுக்கு இடமுண்டு. ஆனால் முறையாக வழிகாட்ட ஒருவர் வேண்டும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பும் முறை இதற்கொரு முன்மாதிரி.

‘நடக்க வைப்போம்’ என்ற வாக்குறுதிக்கு இந்நாட்டில் பெரிய சந்தை இருக்கிறது. நிறுவப்படாத ஸ்டெம் செல் ஊசிகளுக்காக நகையையும் நிலத்தையும் இழக்கும் குடும்பங்கள் உண்டு. பணத்தோடு, பயிற்சிக்கு மிக உகந்த முதல் சில ஆண்டுகளும் கைநழுவுகின்றன. அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

நடை என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் பல வழிகளுள் ஒன்று. ‘பிள்ளை எங்கே போக விரும்புகிறாள், அங்கே எப்படிப் போவாள்?’ என்று கேட்கக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. இன்று முதன்முதலாக மருத்துவரைத் தேடிவரும் பெற்றோர் அத்தனை காலம் காத்திருக்கத் தேவையில்லை.