தளம் அடித்தவர்களும் ஓதம் பார்க்க வருபவர்களும்

சுவரில் ஓதம் அடிக்கிறது என்று அதற்கென்றே ஓர் ஆளைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் சென்னைக்குப் புதிது. அந்த ஆட்களில் நானும் ஒருத்தி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். என் அம்மா செய்யாறு பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் என்று மொட்டை மாடிகளில் தளம் அடித்தவர். மழை வீட்டுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டது அவரைப் போன்றவர்களின் கைதான். கிடைத்தது சித்தாள் கூலி. நான் டிப்ளமோ படித்துவிட்டு, ஈரம் அளக்கும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். எனக்குக் கொடுப்பதற்குப் பெயர் விசிட்டிங் சார்ஜ்.

பழைய வீடுகளில் ஓதமே இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிப்போகும் ஊர் இது. செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் உறிஞ்சியதைத் தையிலும் மாசியிலும் வெயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சில் உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறும்; கூடவே வரும் உப்பு சுவரின் மேல் வெள்ளையாகப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு, பொங்கலுக்கு முன் வெள்ளையடித்துவிடுவார்கள். மழை ஓய்ந்து சுவர் காயத் தொடங்கும் வேளைக்குச் சரியாக வரும் பண்டிகை அது. விரிசலும் பொக்கையும் அந்தச் சாக்கில் ஒவ்வொரு வருடமும் கொத்தனார் கண்ணில் பட்டுவிடும். தெருவுக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருப்பார். அவருக்குப் பின் அவர் மகன் வருவார். ஓதத்தை ஒழிப்பதாக அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அடுத்த வருடமும் வருவார், அவ்வளவுதான்.

கூரைதான் பெரிய வேலை. மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் ஊர் பெயரையே வைத்துவிட்ட கூரை அது. தேக்கு உத்தரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டத்தில் சுண்ணாம்புச் சாந்தோடு ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான தளம். கடைசியாகத் தட்டோடு. அம்மா வேலைக்கு வந்த எழுபதுகளில் தேக்கும் சின்னச் செங்கலும் போய்விட்டன. கூரை கான்கிரீட் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் மேலே போடும் சுருக்கித் தளம் சுண்ணாம்பாகவே நின்றது. கான்கிரீட்டை மட்டும் நம்பி ஒரு மழைக்காலத்தைக் கடக்க அப்போதைய மேஸ்திரிகளுக்குத் துணிவில்லை.

பொதுப்பணித் துறைக் கணக்குப்படி 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் கிடையாது. கைப்பிடி மணல் விழுந்தாலும் மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார் என்பார் அம்மா. ஜல்லி என்றால் செங்கல்லைக் கையால் உடைத்த சில்லு, முக்கால் அங்குல அளவு. கலவையைக் கொட்டிப் பரப்பி, தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்தபின், பெண்கள் எதிரெதிரே வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிக்கத் தொடங்குவார்கள். அடிக்க அடிக்க ஜல்லி அமுங்கி, சுண்ணாம்புப் பால் மேலே வரும். ஊறவைத்த கடுக்காய்த் தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் அவ்வப்போது தெளிப்பார்கள். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன். அம்மாவுக்குத் தெரிந்தது, அந்த வெல்லத்தைக் குழந்தைகள் திருடித் தின்னாமல் காவல் இருக்க வேண்டும் என்பது.

ஒரு வீட்டுக்கு நாள் கணக்கில் அடிப்பார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கட்டை விழும் தாளம் தப்பக்கூடாது. தப்பினால் ஓர் இடம் அதிகம் அமுங்கி, இன்னோர் இடம் பொக்கையாக நின்றுவிடும். அடித்த கட்டை தளத்தில் பதியாமல் துள்ளித் திரும்பினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதைத் தீர்மானிப்பது மேஸ்திரி என்று பெயர். கட்டை துள்ளுவதை முதலில் உணர்வது அடிக்கிறவள் மணிக்கட்டு. கூலி கொடுக்கும்போது அந்த மணிக்கட்டுக்கு மதிப்பு இருந்ததில்லை. சுண்ணாம்பு அரித்த உள்ளங்கைக்கு ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார் அம்மா.

இதே சுண்ணாம்பின் பணக்கார உறவு ஒன்றும் சென்னையில் இருந்தது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கிய பூச்சு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள், தூண்களைப் பார்த்துச் சலவைக்கல் என்றே நினைத்தார்கள். எனக்குப் பிடித்தது அதன் கடைசிக் கட்டம்: பூசி முடித்த சுவர் வியர்க்கும். மெல்லிய துணியால் அந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் தண்ணீரை வெளியே விட்டு முடிக்கும்வரை கூட இருந்து துடைப்பதும் வேலையின் ஒரு பாகமாக இருந்தது.

சிமென்ட் இந்தச் சுண்ணாம்பு வழக்கத்தை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. 1904-இலேயே சென்னையில் சிப்பியைக் கொண்டு சிமென்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1949-இல் திருநெல்வேலி அருகே தாழையூத்தில் ஆலை ஓடத் தொடங்கியது. இருந்தும் விலையும் விநியோகமும் அரசின் பிடியில் இருந்ததால், வீடு கட்டுகிறவர் பர்மிட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் முதல்வர் அந்துலே 1982-இல் பதவி விலகியதே சிமென்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான் என்றால் தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். சாதாரணக் குடும்பங்களின் வீட்டில் சுண்ணாம்பு அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பாரம்பரியப் பற்றைவிட இந்தப் பர்மிட்தான் காரணம் என்பது என் கணிப்பு. 1982-இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. சுண்ணாம்புக் காளவாய்களில் புகை குறைந்தது.

அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பிழைப்பைக் கொடுத்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் பொரிந்து கொட்டிய இடத்தில், 'கெட்டியாக இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசினார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறியது. முழங்கால் உயரத்தில் நின்ற கறை இடுப்பளவுக்கு வந்தது. அதற்கு மேலும் சிமென்ட் பூசினார்கள். பிறகு பிளாஸ்டிக் பெயின்ட், அதற்கும் பிறகு டைல்ஸ். இன்னொரு பக்கம், சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போனது. மூன்று படி ஏறிப் போன திண்ணை வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறேன். மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்கும் வீட்டுக்கு எந்த டப்பா மருந்தும் உதவாது. இதைச் சொன்னால், மருந்தே தெரியாத ஆளா நீ என்பதுபோல் பார்க்கிறார்கள்.

போட்டோவை அனுப்பினால் போதும், சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொல்கிறவர்கள் ஏராளம். ஆளைக் கூப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: வந்தவர் முதலில் எதைப் பார்க்கிறார்? தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் இடுப்புயரத்தைத் தாண்டாது, கறை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும். தலைக்கு மேலே திட்டுத்திட்டாக இருந்தால் மொட்டை மாடியையோ சன்ஷேடையோ பார்க்க வேண்டும். நட்டநடுக் கோடையிலும் ஈரம் விடவில்லையென்றால் சுவருக்குள் குழாய் கசிகிறது. சுவரின் மறுபக்கம் யாருடைய குளியலறை என்று கேட்காதவர், மாடிக்கு ஏறிப் பார்க்காதவர், எந்த மாதத்தில் அதிகம் என்று விசாரிக்காதவர் விற்பது டப்பாவைத்தான். பத்து வருட கேரன்டி கொடுப்பவரிடம், எதற்கு கேரன்டி, பூச்சுக்கா சுவருக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்பு திரும்பி வந்திருப்பது பெரிய கட்டடங்களுக்கு. சேப்பாக்கத்தில் 2012-இல் தீப்பிடித்த கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் கொண்டு சீரமைத்தது; பக்கத்து ஹுமாயூன் மகாலுக்கும் அதே வைத்தியம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை இப்போது தூரத்து ஊர்களிலிருந்து தேடி அழைத்து வருகிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் எல்லாக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை அது.

வீடுகளுக்கு நான் சொல்லும் வழி எளிது. கறைக்கு மேல் ஒரு முழம் வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சும்மா விடுங்கள். கோடை முழுக்கக் காயட்டும். வெளியே சாக்கடை வாட்டத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு போடலாம். பெரும்பாலான வீடுகளில் பேச்சு இந்த இடத்தில் முறிந்துவிடும். கூடத்துச் சுவர் நாலு மாதம் செங்கல் தெரிய நிற்பதா, பெண் பார்க்க வருகிறார்கள், வளைகாப்பு வருகிறது என்பார்கள். செலவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களைவிட நாளைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். கொத்திப் போட்ட மறுவாரமே போன்: "மேடம், காஞ்சிடுச்சு மாதிரி தெரியுது, பூசிடலாமா?" மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இன்னும் ஆனி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.