எண்ணூருக்கு உல்லாசப் பயணம்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள தேசியப் பூங்காக்களைக் காரில் சுற்றிவரத் திட்டம் போடுவது இப்போது நம் பிள்ளைகளுக்கும் வாய்த்திருக்கிறது. தண்டையார்பேட்டையிலும் எர்ணாவூரிலும் பிறந்து, அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காசில் படித்து, வேலைக்காகக் கடல் கடந்து போன முதல் தலைமுறை. லாஸ் வேகாஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, சயான், கிராண்ட் கேன்யன், யோசமிட்டி, விடுமுறை மிச்சமிருந்தால் யெல்லோஸ்டோன் என்று வரைபடத்தில் கோடு இழுக்கிறார்கள். சேரிப் பிள்ளைக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிலேயே உண்டு. தாராளமாகப் போகட்டும். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்பதுதான் நான் கேட்பது.

மனிதக் கை படாத இயற்கை என்று அந்தப் பூங்காக்களைப் பற்றிச் சொல்வார்கள். யோசமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851-ல் கலிபோர்னியாவின் ஆயுதப்படை உள்ளே புகுந்து அவர்களை விரட்டியது. திரும்பி வந்தவர்கள் பூங்காவிலேயே கூலி வேலை செய்து பிழைத்தார்கள். அவர்களுடைய கடைசிக் குடியிருப்பைப் பூங்கா நிர்வாகம் 1969-ல் அழித்தது. யெல்லோஸ்டோன் 1872-ல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மலையாட்டை வேட்டையாடி வாழ்ந்த ஷொஷோனி பழங்குடியினர் சில ஆண்டுகளிலேயே வெளியேற்றப்பட்டனர். கிராண்ட் கேன்யனின் ஹவாசுபாய் மக்களை 1882-ல் பள்ளத்தாக்கின் அடியில் 518 ஏக்கருக்குள் ஒதுக்கினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு போராடி, 1975-ல் சுமார் 1,85,000 ஏக்கரை அவர்கள் மீட்டார்கள். ஆக, அந்த வெற்றிடம் தானாக வந்ததல்ல. ஆட்களைக் காலி செய்துவிட்டு அதற்கு இயற்கைக் காட்சி என்று பெயர் வைத்தார்கள்.

செக்வாயா பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: சார்லஸ் யங். 1864-ல் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த கறுப்பர், ராணுவ கேப்டன். 1903 கோடையில் அந்தப் பூங்காவின் பொறுப்பு அவரிடம் வந்தது. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த மலைப்பாதையைத் தன் கறுப்புக் குதிரைப்படை வீரர்களை வைத்து ஒரே கோடையில் ராட்சத மரக்காடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் கறுப்பர்கள் சொந்தக் கார் வாங்கிக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பிய காலத்தில் நிலைமை என்ன? எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எந்த விடுதியில் படுக்க விடுவார்கள், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்று தேடித் தொகுத்த ஒரு கையேடு அவர்களுக்குத் தேவைப்பட்டது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் அதை வெளியிடத் தொடங்கினார். 'பச்சைப் புத்தகம்' என்று பெயர். சிவில் உரிமைச் சட்டம் வந்த 1964-ஐத் தாண்டியும் அது அச்சாகிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் பயணத் திட்டம் போட்டால் எதைப் பார்க்கலாம் என்று யோசிப்பார். கறுப்பர் எங்கே அடி விழாது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

நமக்கு இது அந்நியமான கதை இல்லை. அண்ணல் அம்பேத்கரும் ஒரு சுற்றுலா போனார். 1934-ல் இயக்கத் தோழர்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வெருள், அதாவது எல்லோரா, பௌத்தக் குகைகளைக் கட்டாயம் பார்ப்பது என்று முடிவானது. சுமார் முப்பது பேர், ஒரு பேருந்து, ஒரு கார். அவர்கள் போட்ட திட்டத்தில் முதல் விதியே பயணத்தை வெளியே சொல்லாமல் இருப்பது. தீண்டப்படாதவர்கள் வருகிறார்கள் என்று வழியில் உள்ள ஊர்களுக்குத் தெரிந்தால் வம்பு வரும். தங்கும் இடங்களில் இருந்த நம்மவர்களுக்கு மட்டும் சொல்லி வைத்தார்கள். அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் தௌலதாபாத் கோட்டை வாசலில் மாட்டிக்கொண்டார்கள். புழுதி அப்பிய முகத்தையும் காலையும் அங்கிருந்த சிறு குளத்தில் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று அங்கிருந்த முஸ்லிம்கள் கூட்டமாகத் திரண்டு வந்து ஏசினார்கள். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலர் கூடவே வரக் கோட்டையைப் பார்க்க விட்டார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்து வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்த மனிதருக்கு இந்த நாட்டில் கிடைத்த சுற்றுலா அனுபவம் இது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நினைவுக்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1924-ல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பொது இடங்களையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசாணையாகவும் வந்தது. சாலையில் நடக்க ஓர் அரசாணை! தெருவில் கால் வைப்பதற்கே சட்டமன்றம்வரை போக வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நெவாடா பாலைவனத்தில் கார் ஓட்டுகிறார்கள்.

இனி நம் கரைக்கு வருவோம். எண்ணூருக்கு மதராஸ் வெள்ளைக்காரர்கள் உல்லாசப் பயணம் போனார்கள் என்று இன்று சொன்னால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். போனார்கள் என்பது உண்மை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கொசஸ்தலை ஆறு விரிந்து கிடக்கும் கழிமுகம், நடுவே மணல் திட்டும் காற்றும். பசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டிய கால்வாய் 1806 வாக்கிலேயே மதராஸை எண்ணூரோடு இணைத்துவிட்டது. பிறகு அது பழவேற்காடு நோக்கி நீண்டது. அந்தக் கால்வாயில் துரைமார்கள் படகில் போய் ஓய்வெடுத்தார்கள், மீன் பிடித்தார்கள், பறவை சுட்டார்கள். அதே தண்ணீரில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஊருக்குள் வந்தன. பேசின் பாலத்துக்குப் பக்கத்தில் ரயில்வே சரக்குக் கொட்டகையைச் 'சால்ட் கோட்டர்ஸ்' என்கிறார்களே, அது நம் உப்புக் கொட்டாரம்தான். உப்பளத்தில் கால் வெந்தவர்களும் படகை இழுத்தவர்களும் யார் என்று சொல்லத் தேவையில்லை. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், கஞ்சிக்காக மண் வெட்டிய பட்டினிக் கூலிகளை வைத்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். முழுக் கால்வாய்க்கும் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றியது அதே காலத்தில் தொடங்கிய துறைமுக வேலை. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். கடலுக்குள் கற்சுவர்களை நீட்டினால் மணல் தெற்குப் பக்கம் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, ஆனால் அலை அடிப்பதை நிறுத்தாது. அப்படியே நடந்தது. தெற்கில் மணல் சேர்ந்துகொண்டே போய் அகலமான கடற்கரை உருவாயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் சாலை அமைத்து, இத்தாலி நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். நகரத்துக்கு ஒரு காட்சி கிடைத்தது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை தேய ஆரம்பித்தது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் தெருத் தெருவாகக் கடல் எடுத்துக்கொண்டது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவுகள் போட்டிருக்கிறார்கள். கட்டுமரம் இழுத்துப் போட இடம் கிடையாது. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு காற்று வாங்குகிற நகரம், தன் காலடியில் உள்ள மணலில் ஒரு பங்கு வடக்கே வந்திருக்க வேண்டியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அமெரிக்காவில் மக்களை அகற்றிக் காட்சியைக் காப்பாற்றினார்கள். இங்கே மக்களை அப்படியே வைத்துக்கொண்டு காட்சியை எடுத்துவிட்டார்கள். 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு. கழிமுகத்தில் சாம்பல். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வீடுகளுக்குள் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்னொரு வேடிக்கை. இந்தியாவில் நெடும்பயணம் என்றதும் எல்லோரும் கனவு காணும் வண்டி புல்லட். லடாக் போகிற இளைஞர்கள் அதில்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். 1955-லிருந்து அந்த வண்டி உருவான ஊர் திருவொற்றியூர். டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். பேருந்து வேண்டுமா, எண்ணூர் அசோக் லேலண்ட். எரிபொருளும் சாலைக்குத் தாரும் மணலியில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரம் நிலையத்திலிருந்து. ஊர் சுற்றத் தேவையான அத்தனையையும் செய்து அனுப்புகிற இடம் வடசென்னை. ஆனால் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினால் சென்னையிலிருந்து சாலை தெற்கே மட்டும்தான் போகிறது: கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம், புதுச்சேரி. வடக்குச் சாலை கன்டெய்னர் லாரிகளுக்கு.

ஆகவே இந்த விடுமுறைக்கு நான் ஒரு பாதை சொல்கிறேன். ராயபுரம் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். பழைய தூண்கள் இன்னும் நிற்கின்றன. காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச்சாலையில் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வாருங்கள். கருங்கல் சுவருக்குப் பின்னால் கடல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முகத்துவாரத்தில் நின்றால் ஆறும் கடலும் கலப்பதையும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். துரைமார்கள் ரசித்த இடம் அதுதான். அழகு முற்றிலும் போய்விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் சேற்றில் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பதை அங்கே பார்க்கலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

அங்கிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். படகுச் சவாரி வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரியைப் பார்க்கும்போது ஒன்றை விசாரியுங்கள். எந்த வலையை யார் எந்த இடத்தில் எந்த நாளில் போடலாம் என்பதற்கு அங்கே 'பாடு' என்ற முறை உண்டு. வளத்தை அழிக்காமல் பங்கிடும் அருமையான ஏற்பாடு என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டலாம்தான். ஆனால் அந்தப் பாட்டில் பங்கு பட்டினவர் குப்பங்களுக்கே. அதே ஏரியை நம்பி வாழும் தலித் மீனவருக்கும் இருளருக்கும் அதில் பங்கு கிடையாது. துறைமுகத்தையும் ஆலையையும் எதிர்த்து எல்லோரும் ஒன்றாக நிற்கும்போதும் இந்தக் கணக்கு தீராமல் இருக்கிறது. தண்ணீரிலும் சேரி இருக்கிறது.

ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறை இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1613-ல் அங்கே கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி துணி மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. 17-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1640-களின் பஞ்சக் காலத்தில், பசியில் விற்கப்பட்டவர்களையும் பிடித்து வரப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பியது. வணிகர்களுக்கும் அவர்கள் மனைவி மக்களுக்கும் பூவேலை செய்த கல் இருக்கிறது, தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. கப்பலேறியவர்கள் எந்தத் துறையில் நின்று ஏறினார்கள் என்று காட்ட அங்கே ஒரு பலகையும் கிடையாது. கேட்டால் உள்ளூர்ப் பெரியவர்கள் ஏரிப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், குடிநீரும். இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் வீடு வந்து சேர நள்ளிரவாகும்.